தசம எண்ணும் வர்க்கமூலமும்: புள்ளி இடம் மாறாமல் கணக்குப் போட

√0.09 எவ்வளவு என்று கேட்டால் 0.3 என்று பலரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். √0.9 எவ்வளவு என்று கேட்டாலும் யோசிக்காமல் அதே 0.3 வந்து விழும். இரண்டு வெவ்வேறு எண்களுக்கு ஒரே வர்க்கமூலம் எப்படி இருக்க முடியும்? 0.3-ஐ 0.3-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 0.09 தான் வருகிறது. √0.9-இன் உண்மையான விடை 0.9486… இந்தத் தவறைச் செய்கிறவருக்கு வர்க்கமூலம் என்றால் என்னவென்று தெரியும். 9 எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கத் தவறுகிறார். அதனால் வர்க்கமூலத்துக்குப் போகுமுன் தசமத்தில் கொஞ்ச நேரம் செலவிடுவது லாபம்.

கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். புள்ளியைக் கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேல் வையுங்கள். கீழே வரும் தவறுகளில் பாதி, இலக்கங்கள் நேராக நிற்காததால் மட்டுமே வருபவை.

படிப்பதும் ஒப்பிடுவதும்

4.307 என்பதில் 4 ஒன்றுகள், 3 பத்தில் ஒன்றுகள், நூறில் ஒன்று எதுவுமில்லை, 7 ஆயிரத்தில் ஒன்றுகள். நடுவிலிருக்கும் பூச்சியம் ஓர் இடத்தைக் காத்து நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் 7 ஓர் இடம் முன்னால் நகர்ந்து எண்ணே மாறிவிடும். கடைசியில் சேர்க்கும் பூச்சியத்துக்கு அந்தச் சக்தி இல்லை: 0.7, 0.70, 0.700 மூன்றும் ஒன்றே.

வாயால் படிக்கும்போதே குழப்பம் ஆரம்பிக்கிறது. 3.14-ஐ "மூன்று புள்ளி பதினான்கு" என்றும் 3.9-ஐ "மூன்று புள்ளி ஒன்பது" என்றும் படித்துப் பழகியவர், ஒன்பதைவிடப் பதினான்கு பெரிதுதானே என்று 3.14-ஐப் பெரிய எண்ணாக எடுத்துக்கொள்வார். "மூன்று புள்ளி ஒன்று நான்கு" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நூறில் ஒன்று, பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று படித்தவுடன், இலக்கம் அதிகமிருந்தால் எண் சிறியது என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள், 0.3-ஐவிட 0.45 சிறியது என்பார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: எல்லா எண்களுக்கும் இலக்கங்களைச் சமப்படுத்துங்கள். 0.7, 0.65, 0.605 என்று இருந்தால் 0.700, 0.650, 0.605 என்று எழுதுங்கள். இப்போது 700, 650, 605-ஐ ஒப்பிடுவது போலத்தான்.

நான்கு செயல்கள்

கூட்டல், கழித்தலுக்கு ஒரே விதி: புள்ளிக்கு நேர்கீழே புள்ளி. 12.5 + 3.075 + 0.48 என்றால் 12.500, 3.075, 0.480 என்று அடுக்கிக் கூட்டுங்கள், 16.055. முழு எண் வந்தால்தான் தடுமாற்றம். 5 − 2.37-இல் 5-க்குப் புள்ளியே இல்லையே என்று 7-க்கு மேல் 5-ஐ எழுதிவிடுவார்கள். முழு எண்ணின் புள்ளி அதன் வலப்பக்கம் ஒளிந்திருக்கிறது: 5.00 − 2.37 = 2.63.

பெருக்கலில் புள்ளிகளை நேராக நிறுத்த வேண்டியதில்லை. 1.2 × 0.35-க்குப் புள்ளியை மறந்து 12 × 35 = 420 போடுங்கள். இரண்டு எண்களிலும் சேர்த்துப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள், விடையிலும் மூன்று. 0.420, அதாவது 0.42. இங்கே வரிசை முக்கியம். 420-இன் கடைசிப் பூச்சியத்தை முதலில் அடித்துவிட்டு, 42-இலிருந்து மூன்று இடம் எண்ணினால் 0.042 ஆகிவிடும். முதலில் புள்ளி, பிறகுதான் பூச்சியத்தை நீக்குவது. ஏன் மூன்று இடம்? பத்தில் ஒரு பங்கை நூறில் ஒரு பங்கால் பெருக்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை நன்றாக மனத்தில் வையுங்கள். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும்போது தசம இலக்கங்கள் இரட்டிக்கும் என்பது இதிலிருந்துதான் வருகிறது. வர்க்கமூலத்தில் இதுவே திறவுகோல்.

வகுத்தலில் வகுக்கும் எண்ணை முழு எண்ணாக்குவது முதல் வேலை. 7.56 ÷ 0.12 என்றால் இரண்டையும் 100-ஆல் பெருக்கி 756 ÷ 12 = 63. ஒன்றின் புள்ளியை மட்டும் நகர்த்தினால் விடை நூறு மடங்கு தவறும். 0.12 போன்ற சிறிய எண்ணால் வகுத்தால் விடை பெரிதாகத்தான் வரும். வகுத்தல் என்றால் சிறிதாக வேண்டும் என்று பயந்து சரியான விடையை அடித்துவிடாதீர்கள். இன்னொன்று, ஈவில் விட்டுப்போகும் பூச்சியம். 6.12 ÷ 6-இல் 6-க்கு 1. அடுத்து 1-ஐக் கீழே இறக்கினால் 6 அதில் அடங்காது; ஈவில் 0 எழுதிய பிறகே 2-ஐ இறக்க வேண்டும். விடை 1.02. அந்த 0-ஐ எழுதாமல் 1.2 என்று முடிப்பவர்கள் அநேகம். இதே தவறு வர்க்கமூலத்தில் அச்சு அசலாகத் திரும்பி வரும்.

முடியும் தசமம், முடியாத தசமம்

பின்னத்தைச் சுருக்கிய பிறகு பகுதியில் 2, 5 ஆகிய பகா காரணிகள் மட்டும் இருந்தால் தசமம் முடியும்: 1/8 = 0.125, 7/40 = 0.175. வேறு காரணி ஒன்று நுழைந்தாலும் முடியாது. குறிப்பிட்ட இலக்கங்கள் சுழன்று வரும். 1/7-இல் 142857 என்ற ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. √2, √7 போன்றவை முடியவும் முடியாது, சுழலவும் சுழலாது. அதனால் எத்தனை இலக்கம் வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்து நிறுத்த வேண்டும்.

நிறுத்தும் இடத்துக்கு அடுத்த இலக்கத்தை மட்டும் பாருங்கள். அது 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றைக் கூட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 2.3449-ஐ இரண்டு இலக்கத்துக்குத் திருத்தினால் 2.34. முதலில் 2.345 என்று திருத்தி, அதை மறுபடி 2.35 என்று திருத்துவது தவறு. திருத்தம் ஒரே தடவைதான், அதுவும் கணக்கின் கடைசியில்.

வர்க்கமூலம்: முதலில் மதிப்பிடுங்கள்

1 முதல் 30 வரை வர்க்கங்கள் மனப்பாடமாக இருந்தால் வேலை பாதி. மனப்பாடம் செய்யப் பிடிக்காதவர்கள்கூட 20 வரையாவது வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

முழு வர்க்க எண்ணின் கடைசி இலக்கம் 0, 1, 4, 5, 6, 9 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 2, 3, 7, 8-இல் முடியும் முழு எண் முழு வர்க்கமாகவே இருக்காது. இறுதியில் உள்ள பூச்சியங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும்: 900 சரி, 9000 இல்லை. ஆனால் 4-இல் முடிவதெல்லாம் முழு வர்க்கம் என்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள். 14, 24, 34 எதுவும் அப்படியில்லை.

முழு வர்க்கம் என்ற சந்தேகம் இருந்தால் பகா காரணிகளாகப் பிரிப்பது சுலபம். 7056 = 2×2×2×2×3×3×7×7. ஜோடிக்கு ஒன்றாக எடுங்கள்: 2×2×3×7 = 84. ஜோடி சேராமல் ஒன்று நின்றால் அது குறிக்குள்ளேயே நிற்கட்டும்: 1800 = 2×2×2×3×3×5×5, ஆகவே √1800 = 30√2. பெருக்கலுக்கு இப்படிப் பிரிக்கலாம், கூட்டலுக்குக் கூடாது. √(9+16) என்பது √25, அதாவது 5. 3-ஐயும் 4-ஐயும் கூட்டி 7 என்று சொல்வது மிகவும் பழைய தவறு, இன்னும் சாகவில்லை.

தசமங்களுக்கு: மூலத்தில் ஒரு தசம இலக்கம் இருந்தால் வர்க்கத்தில் இரண்டு, இரண்டு இருந்தால் நான்கு. திருப்பிப் பார்த்தால், வர்க்கமூலம் காணும்போது புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். 0.0049-இல் நான்கு இலக்கங்கள்; √49 = 7, அதில் இரண்டு இலக்கம்: 0.07. 0.9-இல் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு பூச்சியம் சேர்த்து 0.90 ஆக்குங்கள். இப்போது அது √90-ஐப் பத்தால் வகுத்தது. √90 என்பது 9-க்கும் 10-க்கும் நடுவில், எனவே விடை 0.9-க்கும் 1-க்கும் நடுவில். 0.3 என்ற பேச்சுக்கே இடமில்லை. 0-க்கும் 1-க்கும் நடுவிலுள்ள எந்த எண்ணுக்கும் வர்க்கமூலம் அந்த எண்ணைவிடப் பெரிது என்பதையும் கவனியுங்கள்.

நீள் வகுத்தல் முறை

கால்குலேட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். தசம இடத்தைப் பற்றிய புரிதலை இவ்வளவு கறாராகச் சோதிக்கும் கணக்கு வேறில்லை, அதற்காகவே செய்யலாம். முறையும் புதிதல்ல. கி.பி. 499-இல் ஆரியபட்டர், இடங்களை வர்க்க இடம், அவர்க்க இடம் என்று மாற்றி மாற்றிப் பிரித்து, ஒவ்வோர் இலக்கமாக வர்க்கமூலம் காணும் விதியைத் தந்திருக்கிறார். நாம் ஜோடி பிரிப்பதற்கும் அடிப்படை அதுதான்.

√151.29-ஐ எடுத்துக்கொள்வோம். ஜோடி பிரிப்பதைப் புள்ளியிலிருந்து தொடங்குங்கள்: இடப்பக்கம் 51, பிறகு 1, வலப்பக்கம் 29. அதாவது 1 | 51 . 29. இடது ஓரத்தில் ஒற்றை இலக்கம் தனியாக நிற்கலாம். வலது ஓரத்தில் நிற்கக் கூடாது. அங்கே பூச்சியம் சேர்த்து ஜோடியாக்க வேண்டும்.

முதல் தொகுதி 1. அதற்குள் அடங்கும் வர்க்கம் 1. விடையின் முதல் இலக்கம் 1, மீதி 0.
51-ஐ இறக்குங்கள். இதுவரை வந்த விடையை இரட்டியுங்கள்: 2. அதன் பக்கத்தில் ஓர் இலக்கத்தை எழுதி, அதே இலக்கத்தால் பெருக்கினால் 51-ஐத் தாண்டக் கூடாது. 22 × 2 = 44 சரி; 23 × 3 = 69 தாண்டுகிறது. விடையில் 2, மீதி 7.
புள்ளியைக் கடக்கிறோம், விடையிலும் புள்ளி வையுங்கள். 29-ஐ இறக்கினால் 729. 12-ஐ இரட்டித்தால் 24. 243 × 3 = 729. மீதி 0. விடை 12.3.

எதற்கு இரட்டிப்பது? 151.29 பரப்புள்ள ஒரு சதுரத்தை வரையுங்கள். அதன் மூலையில் 10-க்கு 10 சதுரத்தை வெட்டினால் 100 போய் 51.29 மிஞ்சும். பக்கத்தை 2 நீட்ட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 10 × 2 அளவில் ஒவ்வொரு பட்டை, மூலையில் 2 × 2 சிறு சதுரம். மொத்தம் (20 + 2) × 2 = 44. பட்டைகள் இரண்டு, அதனால்தான் 10 இரட்டித்து 20 ஆனது. மூலைச் சதுரத்துக்காகத்தான் 2 அதனுடன் ஒட்டியது. மிச்சம் 7.29. இப்போது பக்கம் 12, 0.3 நீட்டினால் (24 + 0.3) × 0.3 = 7.29. சதுரம் நிறைந்துவிட்டது. இந்தப் படத்தை ஒருமுறை வரைந்து பார்த்தவருக்கு விதி மறக்காது. இரட்டிக்க மறந்து விழிப்பவர்கள் பெரும்பாலும் படம் வரையாதவர்கள்.

முடியாத எண்ணில் செய்து பார்ப்போம். √7, மூன்று தசம இலக்கத்துக்குத் திருத்தமாக. திருத்துவதற்கு நான்காவது இலக்கமும் வேண்டும், ஆகவே நான்கு ஜோடிப் பூச்சியங்கள்: 7.00 00 00 00.

7-இல் 2 × 2 = 4; மீதி 3.
300: 46 × 6 = 276; மீதி 24. விடை 2.6
2400: 524 × 4 = 2096; மீதி 304. விடை 2.64
30400: 5285 × 5 = 26425; மீதி 3975. விடை 2.645
397500: 52907 × 7 = 370349. விடை 2.6457

திருத்தினால் 2.646.

ஒவ்வொரு படியிலும் இலக்கத்தை ஊகிக்க, ஜோடியை இறக்கியபின் நிற்கும் எண்ணின் கடைசி இலக்கத்தை விரலால் மூடிக்கொண்டு இரட்டித்த எண்ணால் வகுங்கள். 240 ÷ 52 சுமார் 4; சரியாக வந்தது. ஆரம்பப் படிகளில் இந்த ஊகம் சற்று கூடுதலாக வரும்: 30 ÷ 4 என்றால் 7 என்று தோன்றும், ஆனால் 47 × 7 = 329, 300-ஐத் தாண்டுகிறது. ஒன்று குறைத்து 6. குறைவாக எடுத்துவிட்டோமா என்றும் சோதிக்கலாம். மீதி, அதுவரை கிடைத்த விடையின் இருமடங்கைத் தாண்டக் கூடாது (புள்ளியைக் கணக்கில் எடுக்காமல்). 300-இல் 45 × 5 = 225 எடுத்திருந்தால் மீதி 75; விடை 25, இருமடங்கு 50. 75 பெரிது, எனவே 5 போதாது. சாதாரண வகுத்தல் போல "மீதி, வகுக்கும் எண்ணைவிடச் சிறிதாக இருக்க வேண்டும்" என்ற விதியை இங்கே கொண்டுவராதீர்கள்.

இனி, முன்பே சொன்ன பூச்சியம். √4.1209: தொகுதிகள் 4 . 12 09. முதல் இலக்கம் 2, மீதி 0. 12-ஐ இறக்குகிறோம், இரட்டித்தது 4. 41 × 1 = 41, 12-இல் அடங்காது. விடையில் 0 எழுதுங்கள், இரட்டித்த எண்ணிலும் 0 சேர்த்து 40 ஆக்குங்கள். பிறகுதான் 09. 403 × 3 = 1209. விடை 2.03. விடையில் மட்டும் 0 எழுதிவிட்டு இரட்டித்த எண்ணை 4 ஆகவே விட்டால் அடுத்த படியில் 49 × 9 = 441-ஐத் தாண்டிப் போக முடியாமல் பெரிய மீதி நிற்கும். அப்படி ஒரு மீதி நின்றால், உடனே பூச்சியத்தைத் தேடுங்கள்.

சராசரி முறை

விடை சீக்கிரம் வேண்டுமென்றால் இதுவே என் சிபாரிசு. ஓர் ஊகத்தை எடுத்து, அதனால் எண்ணை வகுத்து, ஊகத்துக்கும் ஈவுக்கும் சராசரி காணுங்கள். √7-க்கு ஊகம் 2.6. 7 ÷ 2.6 = 2.6923, சராசரி 2.64615. மறுபடி 7 ÷ 2.64615 = 2.64535, சராசரி 2.64575. இரண்டே சுற்றில் ஐந்து தசம இலக்கங்கள் சரி. ஊகம் மூலத்தைவிடச் சிறிது என்றால் ஈவு பெரிதாக வரும். மூலம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் சராசரி வேலை செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிக்கின்றன. இன்னொரு வசதி, நடுவில் ஒரு தவறு செய்தாலும் அது புதிய ஊகமாகிவிடும். அடுத்த சுற்று அதைச் சரிசெய்துவிடும். நீள் முறையில் ஓர் இலக்கம் பிசகினால் அதற்குப் பின் எல்லாமே பிசகு.

கையால் இவ்வளவு துல்லியமாகப் போக முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: 3,600 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஒரு பாபிலோனியக் களிமண் பலகையில் √2-இன் மதிப்பு அறுபதின் அடிப்படையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் தசமத்தில் அது 1.414213, உண்மை மதிப்பு 1.4142136.

சரிபார்க்க

விடையை வர்க்கம் செய்யுங்கள். 2.646 × 2.646 = 7.001316. 7-க்கு இவ்வளவு நெருக்கம் போதும். சரியாக 7 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், திருத்திய எண்ணின் வர்க்கம் அப்படித்தான் இருக்கும். கால்குலேட்டரில் 2.646 என்று அடித்து மேற்கொண்டு கணக்குப் போடாமல் √7 ஆகவே கடைசி வரை கொண்டுபோங்கள்.

√ என்ற குறி மிகை மூலத்தை மட்டுமே குறிக்கும்: √49 = 7. எந்த எண்ணின் வர்க்கம் 49 என்று கேட்டால்தான் 7, −7 இரண்டும் விடை.

இவற்றைப் போட்டுப் பாருங்கள்: √92.16, √0.0625, √1.0609, √0.4 (மூன்று இலக்கத்துக்கு), √0.001 (மூன்று இலக்கத்துக்கு), √39.0625.

விடைகள்: 9.6, 0.25, 1.03, 0.632, 0.032, 6.25. மூன்றாவதில் 1.3 வந்திருந்தால் பூச்சியம் விட்டுப்போயிருக்கிறது. நான்காவதில் 0.2 வந்திருந்தால் 0.4-ஐ 0.40 ஆக்காமல் விட்டிருக்கிறீர்கள். ஐந்தாவதில் 0.1 அல்லது 0.01 வந்திருந்தால், 0.001-இல் மூன்று இலக்கங்கள் இருப்பதைக் கவனிக்கவில்லை, 0.00 10 என்று ஜோடி பிரித்து மறுபடி தொடங்குங்கள். முதல் தொகுதி 00, அதற்கு விடையில் ஒரு 0. அடுத்தது 10, அதற்கு 3.